என் வீட்டுக்காரர் ஓடையை நேராக்கிய கதை

போன வாரம், கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டு வாசலில் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டதோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம், அதே வாசலிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்த கதை. வரதட்சணைத் தகராறு, மாமியார் கொடுமை என்றெல்லாம் நீங்களாகக் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். காரணம் மீன்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருக்கிறது. பங்குனி வெயில் சாய்ந்த பிறகும் மண் சுடுகிறது. ஆண்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் நாங்கள் கோயில் சுவரோரம். நான் என் மாமியாரின் முதுகுக்குப் பின்னால். அது நல்ல அகலமான முதுகு. இன்னொரு மருமகள் வந்தாலும் ஒளிய இடம் இருந்தது.

நல்லாயக்கா எழுந்தார். எங்களுக்குப் பங்காளி வீடு. அவர் வாயைத் திறந்தால் அடுத்த ஊர் நாய் எழுந்து உட்காரும்.

"போன நோம்பிக்கு இவ கையில மீனு கெட்டுப்போச்சுங்க. ஆத்தாளுக்கு அது ஆகல. அதான் மடுவுல இருந்த மீன அத்தனையும் எடுத்துக்கிட்டா. கொஞ்ச நாளைக்கு இந்தப் புள்ளைய அவங்கப்பன் ஊட்டுல கொண்டுபோயி உட்டுப்போடலாமுங்க. மீனு வந்தாப் பொறவு கூட்டியாரலாம்."

மீன் வந்த பிறகாம்! வராவிட்டால்? கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. திரும்பிப் போனால், "என்னம்மா, எதற்கு அனுப்பினார்கள்?" என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வேன்? விரால் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்றா? 

ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் குனிந்தபடி ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். அந்த நிலைமையிலும் கோடு நேராகத்தான் இருந்தது.

எங்கள் ஊர் ஓடையும் இவர்கள் ஊர் ஓடையும்

இது புரிய வேண்டுமானால் இரண்டு ஓடைகளை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

நான் பிறந்தது எருமப்பட்டிக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரம். எங்கள் ஊர் ஓடை மலையிலிருந்து இறங்கிய அவசரம் குறையாமல் ஓடி வரும். அடியெல்லாம் கூழாங்கல். தண்ணீர் முழங்காலைத் தாண்டாது, ஆனால் காலை இழுக்கும். கல்லுக்கு அடியில் அயிரை இருக்கும். கல்லை மெதுவாகப் புரட்டிக் கூடையைக் கீழே வைத்தால் விரல் நீளத்தில், விரலைவிட மெல்லியதாக வந்து விழும். உப்புப் போட்டு உரசி, தலையோடு வாலோடு புளிச்சாற்றில் போட்டால் முள்ளும் தெரியாது, முகமும் தெரியாது. அந்தத் தண்ணீரில் பெரிய மீன் நிற்காது. நிற்க விடாது தண்ணீர்.

புகுந்த ஊர் புதுச்சத்திரத்துக்கு மேற்கே. தட்டையான பூமி. இங்கே ஓடைக்கு ஓர் அவசரமும் கிடையாது. ஒறம்பரை என்று சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பிய கிழவர் மாதிரி, இந்தக் காட்டில் கொஞ்ச நேரம், அந்தத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் என்று வளைந்து வளைந்து போகும். இருக்கிற வளைவுகளிலேயே பெரிய வளைவு எங்கள் காட்டோரம், அதாவது எங்கள் விளைநிலத்தோரம். அங்கே தண்ணீர் திரும்பும்போது வெளிக்கரையைக் குடைந்து குடைந்து ஒரு பெரிய பள்ளமாக்கி வைத்திருந்தது. அதுதான் மடு. தை பிறந்தால் ஓடை வற்றிவிடும். மடு மட்டும் வற்றாது. மேலே கீழே இருக்கிற மீனெல்லாம் கோடைக்கு அங்கேதான் வந்து சேரும்.

மடுவுக்குள்ளும் ஆளுக்கொரு இடம் உண்டு. உள்வளைவு மணல் மேட்டில் கெண்டைக் குஞ்சுகள், எந்நேரமும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் ஆரால். நடு ஆழத்தில் கெளுத்தி, மீசையும் முள்ளுமாக. (எங்கள் உறவில் யாரைப் போல என்று சொல்ல மாட்டேன். இந்தப் பத்திரிகை அந்த வீட்டுக்கும் போகிறது.) கரையைக் குடைந்த இடத்தில், புங்க மரத்து வேர்களுக்கு நடுவே இருட்டில் விரால். எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றுக் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். வேலை வெட்டி கிடையாது. சாப்பாடு தானாக வாய்க்கு வரும்.

மீன் நன்றாக இருந்தது

மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, முடிந்த மறுநாள் மடுவைக் கலக்குவது அந்த ஊர் வழக்கம். ஊர் எருமைகளை எல்லாம் மடுவுக்குள் ஓட்டிவிடுவார்கள். அவை ஆனந்தமாகப் புரண்டு சேற்றைக் கலக்கும். மூச்சுத் திணறி மேலே வருகிற மீனைக் கூடையாலும், வேட்டியாலும், வெறும் கையாலும் பிடிப்பார்கள். பிடித்ததைக் கோயில் முன்னால் குவித்து வீட்டுக்கு ஒரு பங்கு.

ஆனால் முதலில் பிடிபடும் விரால் பங்குக்கு வராது. அது ஊருக்குக் கடைசியாக வந்த மருமகளுக்கு. அவள் குழம்பு வைப்பாள். ஊர்ப் பெரியவர்கள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, "கைப்பக்குவம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் அவள் ஊரோடு சேர்த்தி.

அந்த வருஷத்துக் கடைசி மருமகள் நான்.

முழங்கை நீளத்துக்கு ஒரு மீனை என் கையில் கொடுத்தார்கள். அது வழுக்கிக்கொண்டு மாட்டுத் தொட்டி வரை போனது. துரத்திப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த மீன் அயிரை. அயிரையைப் போலவே உப்புப் போட்டு உரசி, புளித்தண்ணீரில் அலசி, சட்டியில் போட்டுவிட்டேன். விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய் தேய் என்று தேய்த்துக் கொழகொழப்பை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புது மருமகளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்கிற திமிர்தான்.

பெரியவர்கள் ஒரு வாய் வைத்தார்கள். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள். கடைசியில் என் மாமியார்தான் பேசினார்.

"மீனு நல்லாத்தான் இருக்குது, அம்மிணி. மடுவுதான் சித்தெ எச்சா உழுந்துபோச்சு."

குழம்பில் சேற்று வாடை கொஞ்சம் தூக்கல் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் மாட்டுக்குத் தீவனம் போடப் போன இடத்தில் அழுதேன். வீட்டுக்காரர் வந்து, "எதுக்கு அழுவற?" என்றார்.

"சேத்துல கெடக்கற மீனெல்லாம் ஒரு மீனுங்களா? எங்க ஊரு அயிரையத் தின்னு பாத்திருக்கறீங்களா நீங்க?"

அவர், "உம்" என்றார். அவருடைய பேச்சில் பாதி அந்த ஒரு வார்த்தைதான்.

கயிறு பிடித்த மனிதர்

அவருக்கு நேர்கோடு என்றால் உயிர். உழுத சாலில் கயிறு பிடித்துப் பார்ப்பார். வைக்கோற்போர் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பிரித்து அடுக்குவார். தலை வகிடு எடுக்க அவருக்கு ஆகிற நேரத்தில் நான் ஒரு குடும்பத்துக்குக் கூழ் காய்ச்சிவிடுவேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் வண்டி கட்டிக்கொண்டு போய் வேடிக்கை பார்க்காதவர்களே இல்லை. போனவர்கள் எல்லாம் சுவரின் உயரத்தைப் பற்றி வாய் பிளந்தார்கள். இவர் மட்டும் திரும்பி வந்து, "வாய்க்கால் வெட்டறாங்க பாரு, நூலு புடிச்சாப்புல!" என்றார். ஒரு மாதம் அதையே சொன்னார்.

நான் அழுதது பங்குனியில். வைகாசியில் அவர் மாடு பார்க்கிறேன் என்று எங்கள் அப்பா ஊர்ப் பக்கம் போனார். மாடு வாங்காமல் வந்தார். வந்த மறுநாளே ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னார்: வளைவு வருஷா வருஷம் எங்கள் காட்டைக் கரைக்கிறது, குறுக்கே வெட்டி ஓடையை நேராக்கிவிட்டால் காடும் சதுரமாகும், மடுவின் ஆழத்துக்கே வெட்டிவிட்டால் வெட்டின நீளத்துக்கும் மீன் நிற்கும்.

ஊருக்குக் கேட்கவே இனிப்பாக இருந்தது. ஒரு மடு போய் ஓடை முழுக்க மடு! மழைக்கு முன்னால் மாடு பூட்டி மண் இழுத்து வெட்டி முடித்தார்கள். கயிறு பிடித்து, கழி நட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பழைய வளைவை மண் தள்ளி மூடி, உழுது, சோளமும் விதைத்துவிட்டார்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. இதுவரை திரும்பித் திரும்பிப் போன தண்ணீருக்கு நேர்வழி கிடைத்ததும் ஒரே ஓட்டம். மேல்புறத்தில் கரையையும் அடியையும் அரித்து, அந்த மண்ணை எல்லாம் கொண்டுவந்து, மழை விடும்போது இவர் வெட்டிய பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போனது. தையில் கணுக்கால் தண்ணீர். ஒளிய ஒரு வேர் இல்லை, நிழல் இல்லை. பொடி மீன்கள் கொஞ்சம் வந்தன. கொக்குகள் அவற்றை நின்ற இடத்திலேயே பொறுக்கின. மாசியில் வெறும் மணல்.

எருமைகள் பழக்கத்தில் அங்கே போய் நின்று, சோளத்தட்டை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பின. ஊரிலேயே முதலில் விஷயம் புரிந்தது அவற்றுக்குத்தான்.

மாமியார் வாயில் என் பேச்சு

மறுபடி கோயிலுக்கு வருவோம். நல்லாயக்கா இன்னும் உட்காரவில்லை.

"மடுவு ஆழத்துக்குத்தான் வெட்டுனாங்க. ஊரே பாத்துச்சு. அதுல மண்ணு வந்து மூடுதுன்னா அது ஆத்தா வேல இல்லாம வேற யாரு வேலைங்க?"

பல தலைகள் ஆடின. ஊர்க்கவுண்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற? புள்ளைய அனுப்பி வெக்கறயா?"

அவர் எழுந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். தொண்டையைச் செருமினார். சரி, 'உம்' என்று சொல்லிவிட்டு உட்காரப் போகிறார், என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ எங்கியும் போக வேண்டாமுங்க. மீனு போனதுக்கு நாந்தானுங்க காரணம். ஓடைய நேராக்குனது நானு."

"அது தெரியுமே. காடு கரையுதுன்னுதான வெட்டுன?"

"அதுக்கு இல்லீங்க."

"பின்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அயிரைக்குங்க."

"எதுக்கு?"

"அயிரை மீனுக்குங்க. இவளுக்கு விரால் புடிக்கல, அயிரைதான் புடிக்கும். இவங்க ஊருக்குப் போயி ஓடையப் பாத்தனுங்க. நேரா ஓடுது. நம்முளுதும் நேரா ஓடுனா அயிரை வந்துருமுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

கூட்டம் சிரித்தது பாருங்கள், வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. ஊர்க்கவுண்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊருக்கு நடுவில் ஒரு விவசாயி எழுந்து நின்று, பொண்டாட்டி நாக்குக்காக ஓடையை வெட்டினேன் என்று சொல்வதை அவர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

எனக்கு வெட்கம். கோபம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே சந்தோஷம். என் மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு ஆசையா? அதை வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டுமா?

ஆனால் அவர் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஊர்க் கூட்டத்தில் மருமகள் வாய் திறக்கக் கூடாது. மாமியார் காதில் சொன்னேன். "அத்தை, எங்க ஊரு ஓடை நேரா ஓடலீங்க. எறங்கி ஓடுது. அதனாலதான் அடியில கல்லு, கல்லுக்கு அடியில அயிரை. இங்க பூமி தட்டை. வளைஞ்சாத்தான் ஆழம் நிக்கும், ஆழம் நின்னாத்தான் விரால்."

மாமியார் எழுந்தார். நான் காதோடு சொன்னது ஊருக்கே கேட்டது. "என்ற மருமக சொல்றா! அவங்க ஊரு ஓடை நேரா ஓடலையாமா, எறங்கி ஓடுதாமா! இங்க வளைஞ்சாத்தான் பள்ளம் நிக்குமாமா! இதுகூடத் தெரியாதவனுக்கு எதுக்குடா மீசைன்னு கேக்கறா!"

கடைசி வாக்கியம் நான் சொன்னதல்ல. இன்று வரை எங்கள் குடும்பத்தில் யாரும் அதை நம்பவில்லை.

ஊர்க்கவுண்டர் சிரிப்பை அடக்கித் தீர்ப்பு சொன்னார். "வளைஞ்ச ஓடைய வளைச்சே உட்டுரு. அடுத்த நோம்பிக்கு மொத விரால இந்தப் புள்ளையே ஆக்கட்டும்."

"விரால் வராட்டிங்க?" என்றார் நல்லாயக்கா.

"வராட்டி அப்பப் பேசிக்கலாம்."

ஆக, நான் தப்பித்தேன், அடுத்த பங்குனி வரைக்கும்.

எருமை போட்ட வழி

நேராக வெட்டத் தெரிந்தவருக்கு வளைத்து வெட்ட வரவில்லை. பழைய வளைவு எங்கே போனது என்று உழுத காட்டில் புங்க மரத்தைத் தவிர ஓர் அடையாளமும் இல்லை. கழி நடுவார், தள்ளி நின்று பார்ப்பார், கழிகள் நேராக நிற்கும். பிடுங்கித் திரும்ப நடுவார். மாமியார் வரப்பில் நின்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் எங்கள் கிழட்டு எருமையை அவிழ்த்துவிட்டார்.

"அது பின்னால போடா. அதுக்குத் தெரியும்."

எருமை பழைய கரையோரமாகவே அசைந்து நடந்து, மடு இருந்த இடத்தில் போய் நின்றது. அதன் குளம்படி போன வழியில்தான் வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் கயிறு பிடிக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான். புங்க மரத்து வேரை மண்ணிலிருந்து விடுவித்து, பள்ளத்தில் பனந்தூர்களை, பனையின் அடிக்கட்டைகளை, உருட்டிவிட்டார். விராலுக்கு நிழல் வேண்டுமல்லவா.

நேர்வெட்டால் ஒரு லாபமும் கிடைத்தது. மேல்புறத்தில் தண்ணீர் அரித்த இடத்தில் சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புப் பாறை வெளியே வந்து ஒரு படிபோல நின்றுவிட்டது. புது மழையில் தண்ணீர் அந்தக் கல்லில் சலசலவென்று குதித்து, அப்புறம் சாவகாசமாகத் திரும்பி மடுவுக்குள் போயிற்று. துணி துவைக்கப் போனால் அந்தச் சத்தத்தில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவேன். கண்ணை மூடினால் எங்கள் ஊர்.

நோம்பி வந்தது. மறுநாள் எருமைகளை மடுவில் இறக்கினார்கள். கெண்டை வந்தது. கெளுத்தி வந்தது. ஆரால் வந்தது. விரால் வரவில்லை. எருமைகள் புரண்டன, சேறு கறுத்தது, விரால் வரவில்லை. என் துணிமூட்டைக்குள் எதை எதை வைக்க வேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

திடீரென்று பனந்தூர்ப் பக்கம் ஒரு கூச்சல். நல்லாயக்கா இடுப்பளவுச் சேற்றில் கூடை மேல் கவிழ்ந்து படுத்திருந்தார். "புடிங்க! புடிங்க! தொடையத் தட்டுது!"

முதல் விரால். அதைக் கொண்டுவந்து என் கையில் போட்டார் அந்த மகராசி. "இந்தா சாமி. சாம்பல் போட்டுத் தேய்" என்றார். போன வருஷமே சொல்லியிருக்கலாம்.

தேய்த்தேன். கல் தேயத் தேய்த்தேன். பெரியவர்கள் வந்தார்கள். சாப்பிட்டார்கள். ஒரு வாய் என்று வந்தவர்கள் இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். "கைப்பக்குவம் இருக்குது" என்றார் ஊர்க்கவுண்டர். அந்த நிமிஷத்திலிருந்து நான் அந்த ஊர்.

எல்லோரும் போன பிறகு வீட்டுக்காரர் புழக்கடையிலிருந்து துண்டில் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் ஒரு கை அயிரை. சுக்கான்கல்லுக்கு அடியில், தேங்கி நின்ற தண்ணீரில் இருந்தது என்றார். தானாக வந்ததா என்று கேட்டேன். "உம்" என்றார். அந்த மழைக்காலத்தில் அவர் இன்னொரு தடவை மாடு பார்க்க எங்கள் ஊர்ப் பக்கம் போய், மாடில்லாமல், ஒரு தண்ணீர்க் குடத்தோடு வந்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை.

சின்னச் சட்டியில் புளிச்சாறு வைத்தேன். மாமியார் முதலில் ஊற்றிக்கொண்டார். மெதுவாக, சட்டியின் அடி தெரியும் வரை சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டே மகனைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ஓடைய வெட்டற அளவுக்கு இல்ல."

"இருக்குதும்மா" என்றார் என் வீட்டுக்காரர், இலையை விட்டுத் தலை நிமிராமல்.